கீரியின் மேல் போட்ட பழி

என் கணவர் காரைக்காலில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். எழுபதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதத்துத் திங்கட்கிழமை காலையில், வழக்கம்போல எட்டு மணிக்குப் பழையதைச் சாப்பிட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சண்டை எதுவும் இல்லை. அதை அப்போது எத்தனையோ பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது. காவல் நிலையத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஏட்டு கேட்டார். கடை முதலாளி கேட்டார். மாயவரத்திலிருந்து ஓடிவந்த என் அண்ணன் கேட்டார். முந்தின நாள் ஏதாவது வாக்குவாதமா? இல்லை. குடியா? இல்லை. வேறு பெண் தொடர்பா? தெரியாது. மூன்றாம் நாள், பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் நிறுத்துமிடம் வைத்திருந்தவர், அவரைத் தெரிந்தவர் என்பதால், ஆள் விட்டுச் சொன்னார்: சைக்கிள் திங்கட்கிழமையிலிருந்து அங்கேயே நிற்கிறது என்று. அன்று சாயங்காலம்தான் அலமாரியைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றியது. இரண்டு சட்டைகள் இல்லை. சவரப் பெட்டி இல்லை. சவரப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறவர் சாகப் போகவில்லை என்பது மட்டும் விளங்கியது. அதற்குமேல் எதுவும் விளங்கவில்லை.

காரைக்காலை அடுத்த சுரக்குடியில், எங்கள் வீட்டில் நானும் என் மாமனாரும் மிச்சம். மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மாமாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். வாய்க்கால் ஓரத்தில் ஆறு மா நிலம், அதுதான் அவருடைய உலகம். எப்போதுமே பேச்சு குறைவு. மகன் போன பிறகு அந்தக் குறைச்சலும் குறைந்தது. அவர் முன் நான் மகன் பேச்சை எடுக்கவில்லை, என் முன் அவரும் எடுக்கவில்லை.

அண்ணன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார்.

"இங்க யாரு இருக்கா ஒனக்கு? மாமனாரும் மருமவளும் தனியா இருந்தா ஊரு நாலும் பேசும். கெளம்பு."

"கொஞ்ச நாள் போகட்டும்ண்ணே" என்றேன்.

வயதான மாமனாரை விட்டுவிட்டு வர மனமில்லாமல் நான் இருந்துவிட்டதாகப் பின்னால் ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். அப்படியில்லை. போக வேண்டுமென்றால் புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். அதற்குக் கை எழவில்லை. அவ்வளவுதான்.

அழுகையும் வரவில்லை. உலை வைத்தேன், வடித்தேன், மாமாவுக்குப் போட்டேன், நானும் தின்றேன். குழம்பில் உப்பு போட்டேனா என்று எனக்கு நினைவிருக்காது. மாமாவும் சொல்லமாட்டார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

வீட்டில் ஆறு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் ஒரு வெள்ளைக்கோழியும் இருந்தன. வெள்ளைக்கோழி சீமை ஜாதி. தினமும் தப்பாமல் முட்டையிடும், அடைக்குப் படுக்காது என்று யாரோ சொல்லக் கேட்டு, என் கணவர் மார்கழியில் அதை வாங்கி வந்தார். சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய பையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அது வீட்டுக்கு வந்தது. கொல்லையில் இருந்த கூண்டும் அவர் செய்ததுதான். பழைய கதவின் பலகை, கம்பிவலை, நாலு கால். உள்ளே ஒரு மூலையில் வைக்கோல் போட்ட மரப்பெட்டி. பகலில் கூண்டைத் திறந்துவிட்டாலும் முட்டையிட அந்தப் பெட்டிக்குத்தான் எல்லாக் கோழிகளும் வரும்.

முட்டை எடுப்பது என் வேலை. மாமாவுக்கு நெஞ்சுச் சளி. காலையில் ஒரு அரைவேக்காட்டு முட்டை சாப்பிடச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சத்தை டீக்கடைக்குக் கொடுப்போம். என் கணவர் போன பிறகு நான் தினமும் எடுப்பதை விட்டுவிட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, சில சமயம் மூன்று நாளைக்கு ஒரு தடவை போவேன். பெட்டி நிறைய முட்டை குவிந்து கிடக்கும். கோழிகள் அவற்றின் மேலேயே ஏறி மிதித்து உட்கார்ந்திருக்கும். இரை போடுவதும் அப்படித்தான். கையில் அகப்பட்ட நொய்யை வீசிவிட்டு வந்துவிடுவேன்.

ஆனி மாதம், மாங்கனித் திருவிழா முடிந்த வாரம். கூண்டுக்குப் போனபோது பெட்டியில் வைக்கோல் நனைந்து கிடந்தது. மஞ்சள் கரு காய்ந்து வைக்கோலோடு ஒட்டியிருந்தது. நாலைந்து ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. முழு முட்டை ஒன்றுகூட இல்லை. வைக்கோலை வாரிக் கொட்டிவிட்டுப் புதுசு போட்டேன். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

நான் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமாதான் கேட்டார்.

"முட்டை இல்லையாம்மா?"

"ஒடஞ்சு கெடக்கு மாமா."

"எது ஒடைக்குது?"

"தெரியலை."

மாசி மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தார். கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். எனக்குச் சொல்வதுபோலவும் இருந்தது, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலவும் இருந்தது.

"பாம்பு இல்ல. பாம்புன்னா முழுசா முழுங்கிடும், ஓடு கெடக்காது. பெருச்சாளின்னா உருட்டிக்கிட்டுப் போயிடும். காக்கா இந்தச் சந்துல நொழையாது. கீரியா இருக்கலாம்." துண்டை உதறிக்கொண்டு எழுந்தவர், "நாளைக்குக் காலையில கூண்டச் சுத்திச் சாம்பலத் தூவி வையி. எது வந்தாலும் தடம் விழும்" என்றார்.

அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்து, கூண்டைச் சுற்றியும் பெட்டிக்குப் பக்கத்திலும் தூவினேன். உச்சிவேளையில் போய்ப் பார்த்தபோது அந்த இடம் முழுக்கச் சுத்தமாகப் பெருக்கிக் கிடந்தது. மாமா கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"தடம் ஒண்ணும் சரியா விழலம்மா. அள்ளிட்டேன்" என்றார்.

பெட்டியில் அன்றைக்கும் ஈர வைக்கோல்தான்.

மறுநாள் அவர் வயலுக்குப் போன பிறகு, முருங்கை நிழலில் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் என்னால் ஒழுங்காகச் செய்ய முடிந்த ஒரே காரியம் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பது. அதைக் கூண்டுக்கு எதிரே செய்தால் என்ன என்று நினைத்தேன். இரண்டு நாட்டுக்கோழிகள் வந்து முட்டையிட்டுவிட்டுக் கொக்கரித்துக்கொண்டு போயின. முட்டைகள் முழுசாகக் கிடந்தன. கீரி வரவில்லை. காக்கை ஒன்று வேலியில் உட்கார்ந்துவிட்டுப் பறந்துபோனது.

அப்புறம் வெள்ளைக்கோழி வந்தது. பெட்டிக்குள் ஏறி வைக்கோலைக் காலால் ஒதுக்கி உட்கார்ந்தது. நேரம் போனது. எழுந்து நின்று இட்டது. மற்ற கோழிகள் மாதிரி கொக்கரிக்கவில்லை. திரும்பி நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தான் இட்ட முட்டையையே பார்த்தது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து. ஓடு பொத்துக்கொண்டதும் அலகை உள்ளே விட்டுக் குடித்தது. நிதானமாக, தண்ணீர் குடித்தால் எப்படித் தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்குமோ அப்படி. தன்னுடையதை முடித்துவிட்டு மற்ற இரண்டையும் உடைத்தது. ஓட்டையும் பொறுக்கித் தின்றது. பிறகு இறங்கி, அலகை மண்ணில் இப்படியும் அப்படியும் துடைத்துக்கொண்டு, எருக்குழிப் பக்கம் மேயப் போனது.

நான் எழுந்து விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை, பாவமென்றும் தோன்றவில்லை.

எங்கள் பக்கம் முட்டை குடிக்கிற கோழியை வைத்துக்கொள்ளமாட்டார்கள். ஒரு தடவை ருசி கண்டுவிட்டால் விடாது, பார்த்துப் பார்த்து மற்றதும் கற்றுக்கொள்ளும். தெரிந்த அன்றைக்கே அது குழம்புச் சட்டிக்குப் போய்விடும். மாமாவிடம் சொன்னால் சாயங்காலமே அறுத்துவிடுவார். அறுக்கிற கோழி அவருடைய மகன் வாங்கிக்கொண்டு வந்தது. மகன் இனி வரமாட்டான் என்று நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஆகிவிடும். ஆனால் அன்று உட்கார்ந்து இப்படியெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். சாயங்காலம் மாமா கேட்டபோது வாயில் தானாக வந்துவிட்டது.

"கீரிதான் மாமா. பார்த்தேன். வேலி ஓட்டையில பூந்து ஓடுச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்."

"சரி. கீரியாத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் அவர் வயலுக்குப் போகவில்லை. நாற்றங்கால் வேலை இருந்த சமயம். போகாமல், பழைய மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, வேலியில் இருந்த ஓட்டையை அடைத்தார். கூண்டுக்கு அடியில் பலகை விலகியிருந்த இடத்தில் இன்னொரு தகடு வைத்து ஆணி அடித்தார். வெயில் ஏறும்வரை அடித்துக்கொண்டே இருந்தார். நான் ஆணிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பத்தடி தள்ளி வெள்ளைக்கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

நாலைந்து நாள் அப்படிப் போனது. முட்டை உடைந்துகொண்டுதான் இருந்தது. காலையில் அவருக்கு வெறும் டீயைக் கொடுப்பேன். அவர் முட்டையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். டின் தகட்டை மட்டும் ஒரு தடவை போய் ஆட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு அக்கா எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருவார். பஸ்ஸில் வந்து இறங்கி, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்பார். எங்கள் வீட்டுக்குக் கொல்லை வழியாக வந்து கூடையை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அன்றைக்கு மாமாவும் கொல்லையில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அக்கா கூடையை இறக்கியதும் கோழிகள் வந்து சூழ்ந்துகொண்டன. அவர் கையை ஓங்கி விரட்டினார். விரட்டியவர் வெள்ளைக்கோழியைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, இந்தக் கோழி முட்டை குடிக்குதே. தெரியுமா ஒங்களுக்கு? மூக்குல மஞ்சள் காஞ்சு கெடக்கு பாருங்க."

மாமா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும்க்கா" என்றேன்.

"எனக்கும் தெரியும்" என்றார் மாமா.

அக்கா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாம்பல் தூவுன அன்னிக்கே தெரியும்" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல். "கோழிக்கால் தடத்தத் தவிர வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நேரம் நின்னேன். இதுவே வந்து குடிச்சுது. நீ பார்க்க வேணாம்னுதான் பெருக்கிட்டேன்."

"அப்பறம் ஏன் மாமா தகடு அடிச்சீங்க?"

"நீ கீரின்னு சொன்னியேம்மா."

மாமா மறுபடி கயிற்றை எடுத்துக்கொண்டார். அக்கா கெட்டிக்காரர். எங்கள் வீட்டுக் கதை அவருக்கும் தெரியும். அதைத் தொடாமல் கோழியை மட்டும் பேசினார்.

"என்னா இரை போடுறீங்க?"

"நொய்தான்."

"வெறும் நொய்யிலயே எத்தன நாளைக்கு இடும்? சுண்ணாம்புச் சத்து கொறஞ்சா ஓடு தொட்டாலே ஒடஞ்சிடும். மிதிச்சு ஒண்ணு ஒடஞ்சிருக்கும், குடிச்சுப் பார்த்திருக்கும். முட்டையையும் நாள் கணக்குல போட்டு வச்சிருந்திருப்பீங்க." அவர் குற்றமாகச் சொல்லவில்லை. "கிளிஞ்சல் கொண்டாந்து தர்றேன். இடிச்சுத் தவிட்டுல கலந்து வைங்க. விட்டாலும் விடும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டி நிறைய முட்டை கிடந்ததும் கோழிகள் அதன்மேல் மிதித்து உட்கார்ந்ததும் யாருடைய வேலை என்று. உறைத்தது, அவ்வளவுதான். அதற்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தம் வர அந்த ஆடி மாதம் முழுக்க ஆனது.

அக்கா அடுத்த தடவை ஒரு மஞ்சள் பை நிறையக் கிளிஞ்சல் கொண்டுவந்தார். உரலில் போட்டு இடித்தேன். தவிட்டில் பிசைந்து காலையும் மாலையும் வைத்தேன். பத்து நாளில் முட்டை ஓடு கையில் தட்டினால் சத்தம் வருகிற அளவுக்குக் கெட்டியானது. நாட்டுக்கோழிகள் இட்டதை உடனுக்குடன் எடுத்துவிட்டேன். வெள்ளைக்கோழி மட்டும் திருந்தவில்லை. ஓடு கெட்டியானால் இன்னும் நாலு கொத்து கூடக் கொத்தியது.

மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு முட்டையில் கோணி ஊசியால் ஓட்டை போட்டு உள்ளே இருந்ததை வெளியேற்றினார். நான் மிளகாயை அரைத்துக் கொடுத்தேன். அதை முட்டைக்குள் அடைத்து, மாவால் வாயை மூடிப் பெட்டியில் வைத்தார். இரண்டு பேரும் முருங்கை நிழலில் நின்று பார்த்தோம். வெள்ளைக்கோழி வந்து கொத்தியது. மிளகாய் விழுதை முழுக்கத் தின்றது. அலகைத் துடைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்று பெட்டியைச் சுற்றி வந்தது. மாமாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

ஆடி கடைசியில் நாட்டுக்கோழி ஒன்றும் அதன் பின்னால் போய்ப் பெட்டியில் தலையை விட ஆரம்பித்தது. அன்று மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"வெள்ளைக்கோழிய அறுத்துடுங்க மாமா."

அவர் பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார். "இன்னும் கொஞ்ச நாள் பாப்பமேம்மா. வந்தான்னா கேப்பான்."

மகனைப் பற்றி என்னிடம் அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"வந்தா நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிணற்றடியில் வைத்து அறுத்தார். வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கியது நான். வயிற்றைத் திறந்தபோது உள்ளே மஞ்சள் கருக்கள் கொத்தாக இருந்தன. மறுநாள் இட வேண்டியது பெரிதாக, அதற்கடுத்தது கொஞ்சம் சின்னதாக, அப்படியே குறைந்து குறைந்து கடுகளவு வரைக்கும். இன்னும் எத்தனையோ நாளைக்கான முட்டைகள். அதை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாமா தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். கழுவி, அதையும் சேர்த்துக் குழம்பில் போட்டேன்.

சாப்பிடும்போது மாமா, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்றார்.

ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். தூக்கலாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. பாயை விரித்துப் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். மாமா கோழிகளைக் கூண்டில் அடைத்துவிட்டிருந்தார்.

கெட்டுப்போக ஆரம்பித்திருந்த நாட்டுக்கோழி தானாகவே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. அடுத்த வருஷம் எங்கள் ஊர் பால்வாடியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. மனு எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தது மாமா. அண்ணன் வருவது குறைந்து, வந்தாலும் கூட்டிப்போகிற பேச்சை எடுக்காமல் பழம் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போகிறவராக ஆனார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா பெயருக்கு ஒரு கார்டு வந்தது. என் கணவருடைய கையெழுத்து. பம்பாய் முத்திரை, அனுப்பினவர் முகவரி இல்லை. தான் சௌக்கியம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும், எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று நாலு வரி. மாமா இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அந்த 'எல்லோரையும்' என்ற சொல்லில் நானும் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். மறுபடி கார்டு வரவில்லை.

ரேஷன் கார்டைப் புதுப்பிக்கும்போது குடும்பத்தில் இருப்பவர்களை நேரில் வந்து சொல்லச் சொன்னார்கள். நானும் மாமாவும் காரைக்காலுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பழைய அட்டையில் என் கணவர் பெயரைக் காட்டி, "இவரு?" என்று கேட்டார்.

"அடிச்சிடுங்க" என்றார் மாமா.

"இந்தம்மா ஒங்களுக்கு என்ன உறவு?"

"மகள்."

எழுதுகிறவர் நிமிர்ந்தார். "பழசுல மருமகள்னு போட்டிருக்கே, பெரியவரே. மாத்த முடியாது."

"அப்ப இருக்கறபடியே இருக்கட்டும்" என்றார் மாமா.

பேனா என் கணவர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தது. நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் போகும் திருநள்ளாறு பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. ஜன்னலோரம் மாமாவை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.